பைண்டு செய்த தொடர்கதைகள்

பைண்டு செய்த தொடர்கதைகள் என்பவை, வார இதழ்களிலும் மாத இதழ்களிலும் வெளிவந்த தொடர்கதைகளின் பக்கங்களை வாசகர்கள் தனியே பிரித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்த பின் பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வைத்துக்கொண்ட வீட்டுத் தொகுப்புகள். இவை பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் தனக்காக உருவாக்கிக்கொண்ட ஒற்றைப் பிரதி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1990கள் வரை தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் இவ்வழக்கம் பரவலாக இருந்தது. பேச்சுவழக்கில் இவை 'பைண்டிங் புத்தகம்', 'பைண்டு வால்யூம்' என்று அழைக்கப்பட்டன.

எந்த இதழை வாங்குவது, எந்தக் கதையைச் சேர்ப்பது, யாருக்கு இரவல் கொடுப்பது என்று குடும்பங்கள் எடுத்த முடிவுகள் இத்தொகுப்புகளில் பதிந்துள்ளன. இன்று முதிய தலைமுறையினர் மறையும்போதும் வீடு மாறும்போதும் இவை பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன.

பின்னணி

தமிழ் நாவல் தொடக்கம் முதலே தொடர்கதை வடிவத்துடன் இணைந்தது. தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் ஒன்றான பி.ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வெளிவந்தது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் தாம் நடத்திய 'ஜகன்மோகினி' இதழில் தம் நாவல்களைத் தொடராக எழுதினார்.

தொடர்கதை பெருந்திரளான குடும்பங்களின் வாராந்தர வழக்கமானது வணிக இதழ்களின் வளர்ச்சியால்தான். 1926-இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' 1928-இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்தது. அதில் கல்கி எழுதிய 'தியாகபூமி' 1938-39 ஆண்டுகளில், அதே கதை திரைப்படமாக உருவாகிக்கொண்டிருந்தபோதே, படக் காட்சிகளுடன் தொடராக வந்தது. 1941-இல் 'கல்கி' இதழும் 1947-இல் 'குமுதம்' இதழும் தொடங்கப்பட்டன. 'கல்கி'யில் 1950 அக்டோபரில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 1954 வரை நீடித்தது.

இவ்வளவு நீண்ட காலம் ஒரு கதையைப் பின்தொடர்ந்த வாசகருக்கு அதை முழுமையாக மீண்டும் படிக்கும் ஆசை எழுவது இயல்பு. அச்சு நூல் உடனே வரும் என்பதற்கு உறுதியில்லை. வந்தாலும் பல பாகங்கள் கொண்ட நூலை வாங்குவது மாதச் சம்பளக் குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. வாரந்தோறும் சில்லறையாகக் கொடுத்து வாங்கிய இதழ் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அதிலிருந்தே நூலை உருவாக்கிக்கொள்வது சிக்கனமான வழியாக இருந்தது.

வாங்குவதும் இரவல் பெறுவதும்

எல்லாக் குடும்பங்களும் எல்லா இதழ்களையும் வாங்கவில்லை. ஒரு வீட்டில் ஓர் இதழ், அடுத்த வீட்டில் வேறொன்று என்று பேசி வைத்துக்கொண்டு மாற்றிப் படிப்பது தெருக்களிலும் குடியிருப்புகளிலும் வழக்கம். அலுவலகங்களில் ஊழியர்கள் மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து இதழ்களை வாங்கிச் சுற்றுக்கு விட்டனர். வாடகை நூலகங்களும் இருந்தன. சென்னையில் 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் அவற்றுள் புகழ்பெற்றது. பல ஊர்களில் சைக்கிளில் வரும் பையன் வீட்டுக்கே இதழ்களைக் கொண்டுவந்து கொடுத்து, ஓரிரு நாளில் திரும்ப வாங்கிச் செல்வான். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்துக்குப் பின் கிளை நூலகங்கள் பெருகின. ஆனால் அங்கே வார இதழ்களை உட்கார்ந்து படிக்கத்தான் முடியும்.

இந்த வழிகளில் படிப்பதற்குச் செலவு குறைவு. ஆனால் சுற்றில் வரும் இதழில் கத்தரி வைக்க முடியாது. எனவே ஒரு கதையைப் பைண்டு செய்வது என்ற முடிவு, அந்த இதழைச் சொந்தமாக வாங்குவது என்ற முடிவும் ஆகும். கதை முடியும் வரை, சில வேளை ஓராண்டுக்கும் மேலாக, அந்தச் செலவை நிறுத்த முடியாது. குடும்பத்தில் பணமுடை வந்தபோது பால் கணக்கு, மளிகைக் கணக்கோடு சேர்த்துப் பத்திரிகைக் கணக்கும் பேசப்பட்டது. நடுவில் சில மாதங்கள் இல்லாத தொகுப்புகள் பல உள்ளன. ஏஜென்ட் இதழ் போடாதது, இரவல் போன இதழ் திரும்பாதது, குடும்பம் இதழை நிறுத்தியது என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

வீட்டில் வாசிக்கும் முறை

இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்பதற்கு வீடுதோறும் ஒரு முறை இருந்தது. பெரும்பாலும் வயதிலும் உறவிலும் மூத்தவருக்கு முதலிடம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வாசலிலேயே காத்திருந்து தபால்காரரிடமோ பத்திரிகை போடுபவரிடமோ இதழைப் பறித்து அந்த வரிசையைக் குலைப்பதும் உண்டு. முதலில் படித்தவர் மற்றவர்களிடம் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்பது எழுதப்படாத விதி.

தொடக்க ஆண்டுகளில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கமாக இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் 18 விழுக்காட்டினர். பெண்களில் அது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைச் சுற்றி, மதிய வேலை முடிந்த நேரத்தில், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து கதை கேட்டனர். இதனால் அச்சான பிரதிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் கதையை அறிந்தவர்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தது.

பக்கங்களைப் பிரித்தெடுத்தல்

வார இதழின் தாள்கள் நடுவில் மடிக்கப்பட்டு இரண்டு கம்பிப் பின்களால் இணைக்கப்பட்டிருக்கும். பின்னை நிமிர்த்தித் தாளை முழுதாக எடுப்பது ஒரு முறை. கதை அச்சான பாதியை மட்டும் பிளேடாலோ கத்தரியாலோ வெட்டி எடுப்பது மற்றொரு முறை. எடுத்த பக்கங்கள் பழைய காலண்டர் அட்டைக்குள்ளோ துணிப்பையிலோ வார வரிசைப்படி அடுக்கி வைக்கப்பட்டன. எஞ்சிய இதழ் பழைய பேப்பர் கடைக்குப் போனது.

எல்லோரும் படித்து முடிக்கும் வரை வெட்டக் கூடாது என்பது பொது விதி. அதற்குள் இதழ் அடுப்படிக்குப் போகாமலும் பலகாரம் மடிக்கப்படாமலும் காப்பது தொகுப்பவரின் பொறுப்பு. ஒரு வாரம் தவறிவிட்டால் உறவினரிடமோ பழைய பேப்பர் கடையிலோ தேடினர். கிடைக்காதபோது, இரவல் வாங்கிய இதழைப் பார்த்து நோட்டுத் தாளில் கையால் எழுதி இடையில் சேர்த்தவர்களும் உண்டு.

ஒரே இதழில் இரண்டு மூன்று தொடர்கள் வந்தது பெரிய சிக்கல். ஒரு தொடரின் கடைசிப் பக்கத்தின் மறுபுறம் அடுத்த தொடரின் முதல் பக்கம் அமைந்துவிட்டால் இரண்டையும் தனித்தனியே கட்ட முடியாது. அப்போது எதை விடுவது என்ற கேள்வி எழும். சரித்திரக் கதை வேண்டும் என்று ஒருவரும் குடும்பக் கதை வேண்டும் என்று இன்னொருவரும் கேட்பார்கள். பெரும்பாலும் வெட்டி அடுக்கி வைக்கும் வேலையை யார் செய்தாரோ அவருடைய விருப்பமே நின்றது.

கட்டும் முறை

சேர்ந்த பக்கங்கள் ஊரிலுள்ள பைண்டரிடம் கொடுக்கப்பட்டன. பள்ளிப் பாடநூல்களுக்கும் கணக்குப் பேரேடுகளுக்கும் அட்டை போடுவதே அவருடைய முதன்மைத் தொழில். பக்கங்கள் பெரும்பாலும் தனித் தாள்களாக இருந்ததால் மடிப்பில் தைக்க முடியாது. எனவே இடது ஓரத்தில் குத்தூசியால் துளையிட்டு, கனமான நூலால் மேலிருந்து கீழாகத் தைத்தனர். மைதா மாவில் காய்ச்சிய பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. கெட்டி அட்டை ஒட்டி, முதுகுப் பகுதிக்குக் காலிகோ துணி போட்டு, மூன்று ஓரங்களையும் வெட்டிச் சமப்படுத்துவர்.

இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஓரத்தில் தைத்ததால் தொகுப்பு முழுதாக விரியாது. உள் ஓரத்து எழுத்துகளைப் படிக்க நூலை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓரத்தை வெட்டும்போது பக்கத்தின் மேலோ கீழோ அச்சாகியிருந்த இதழின் பெயரும் தேதியும் பல வேளை போய்விடும்.

அட்டையின் மேல் கதைத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் மையால் எழுதப்பட்டன. உள்ளே உரிமையாளரின் பெயரும், இரவல் வாங்குவோர் திருப்பித் தர வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும்.

பெண்களின் பங்கு

பெண்கள் நாவல் படிப்பது குடும்பத்தைக் கெடுக்கும் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலுவாக இருந்தது. திருமணமான பெண் புகுந்த வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் வேலைக்குச் சோம்பல் என்று பேசப்பட்டது. வார இதழ் இந்தத் தடையைப் பாதியளவு தளர்த்தியது. அதில் சமையல் குறிப்பும் கோலமும் பண்டிகைச் செய்தியும் இருந்ததால் அது குடும்பப் பொருளாக வீட்டுக்குள் வந்தது. தொடர்கதையும் அதனுடன் சேர்ந்து வந்தது.

லக்ஷ்மி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன், பின்னர் சிவசங்கரி, இந்துமதி, வாஸந்தி ஆகியோரின் கதைகள் கூட்டுக் குடும்பம், வேலைக்குப் போகும் பெண், வரதட்சணை, மறுமணம் போன்றவற்றைப் பேசின. வீட்டில் நேராகப் பேச முடியாத ஒன்றைக் கதைமாந்தரின் பெயரில் பேச இவை இடம் கொடுத்தன. "அவள் செய்தது சரியா?" என்ற கேள்வி கதையைப் பற்றியது போல எழுந்து, கேட்பவரின் வாழ்க்கையைப் பற்றியதாக முடிவதுண்டு.

வெட்டிச் சேர்த்துக் கட்டும் பணியைப் பல வீடுகளில் பெண்களே செய்தனர். வீட்டு நூல் அலமாரியில் ஆண்களின் சட்ட நூல்களும் சமய நூல்களும் இருக்க, பைண்டு செய்த கதைகள் துணி அலமாரியிலும் பரணிலும் இரும்புப் பெட்டியிலும் இருந்தன. அதனாலேயே அந்த வீடுகளில் 'புத்தகங்கள்' என்ற கணக்கில் அவை சேரவில்லை. சேகரித்தவர் மறைந்த பின் முதலில் அகற்றப்படுபவையாக அவை ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடும்ப வாழ்வில் தாக்கம்

கோடை விடுமுறையில் வந்து தங்கும் உறவுப் பிள்ளைகள் பரணிலிருந்து இறக்கிய தொகுப்புகளைப் படித்தே நாவல் வாசிப்புக்குள் நுழைந்தனர். அச்சு நூலைப் போலன்றி, வாராந்தர முடிச்சுகளோடு, 'தொடரும்' என்ற சொல்லோடு அவர்கள் கதையைப் படித்தனர். முந்தைய தலைமுறை ஒரு வாரம் காத்திருந்த இடத்தை இவர்கள் பக்கத்தைப் புரட்டிக் கடந்தனர்.

பிள்ளைகளுக்குப் பெயரிடுவதிலும் தொடர்கதைகள் புகுந்தன. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வெளிவந்த பின் அரவிந்தன், பூரணி என்ற பெயர்கள் பலருக்கு இடப்பட்டன. 'பொன்னியின் செல்வன்' வாசகர்களின் வீடுகளில் குந்தவை, வானதி, அருள்மொழி போன்ற பெயர்கள் வழங்கின.

வழக்கம் குறைந்த விதம்

இவ்வழக்கம் படிப்படியாகவே மறைந்தது. 1969-இல் தொடங்கிய 'ராணிமுத்து' போன்ற மாத நாவல் இதழ்கள் முழு நாவலையும் ஒரே வெளியீட்டில் மலிவாகக் கொடுத்தன. 1980களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் பாக்கெட் நாவல்கள் பெருகின. அவற்றை வெட்டவோ கட்டவோ தேவையில்லை. பதிப்பகங்களும் தொடர் முடிந்த சில மாதங்களில் நூலை வெளியிடத் தொடங்கின.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. 1990களில் தனியார் தொலைக்காட்சிகள் பரவிய பின் 'தொடர்', 'சீரியல்' என்ற சொற்கள் பெரும்பாலும் திரைத் தொடரையே குறித்தன. வார இதழ்களில் தொடர்கதைகளின் எண்ணிக்கையும் நீளமும் குறைந்தன. 'கல்கி' இதழ் 2020-இல் அச்சு வெளியீட்டை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. பைண்டர்களும் குறைந்தனர்.

ஆவண மதிப்பு

புகழ்பெற்ற தொடர்கதைகள் அனைத்தும் நூலாகக் கிடைக்கும்போது வெட்டிக் கட்டிய பிரதிக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எழலாம். இதற்குப் பல விடைகள் உள்ளன.

முதலாவது ஓவியம். 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியமும், கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலுவும், சாண்டில்யனின் கதைகளுக்கு லதாவும் வரைந்த படங்கள் கதைமாந்தருக்கு முகம் கொடுத்தன. பல நூல் பதிப்புகளில் இப்படங்கள் இல்லை. இருந்தாலும் சிலவே உள்ளன. 'கல்கி' இதழ் 'பொன்னியின் செல்வ'னைப் பலமுறை மறுவெளியீடு செய்தபோது வேறு ஓவியர்கள் வரைந்தனர். ஒரு குடும்பத்தின் தொகுப்பில் எந்த ஓவியரின் படம் உள்ளது என்பதிலிருந்தே எந்தத் தலைமுறை அதைச் சேர்த்தது என்று அறியலாம்.

இரண்டாவது பாடம். தொடருக்கும் நூலுக்கும் இடையே தலைப்பும் பகுதிகளும் மாறியதுண்டு. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' முதலில் 'தினமணி கதி'ரில் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் வந்தது. சுஜாதா 'குமுத'த்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தலைப்பில் தொடங்கிய சரித்திரக் கதை எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டது. பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்ற தலைப்பில் வேறு வடிவில் தொடர்ந்தது. இத்தகைய முதல் வடிவங்களை ஒப்பிட இதழ்ப் பக்கங்களே சான்று. நூலாகவே வராத தொடர்கள் எண்ணற்றவை. அவற்றுக்கு ஒரு வீட்டுத் தொகுப்பு மட்டுமே முழுமையான பிரதியாக எஞ்சியிருக்கக்கூடும்.

மூன்றாவது மறுபக்கம். கதைப் பக்கத்தின் பின்னால் தற்செயலாகத் தங்கிய விளம்பரங்கள், துணுக்குகள், வாசகர் கடிதங்கள் ஆகியவை அக்கால வீட்டின் பொருள்களையும் விலைகளையும் காட்டுகின்றன. தேதி வெட்டப்பட்ட தொகுப்பின் காலத்தை அறியவும் இவையே உதவுகின்றன. விலை அணாவில் இருந்தால் அப்பக்கம் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தையதாகவோ அதையொட்டிய மாறுதல் காலத்தையதாகவோ இருக்கும். 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டதாகக் கொள்ளலாம். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் அது 1972 ஆகஸ்ட்டுக்குப் பிந்தையது. 'லை', 'னை' போன்ற எழுத்துகளின் பழைய, புதிய வடிவங்களும் உதவும். தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ஆனால் அச்சகங்கள் வெவ்வேறு காலங்களில் மாறியதால் இதைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

நான்காவது, தொகுப்பே ஒரு வாசிப்புச் சான்று. இதழ்களின் விற்பனை எண்ணிக்கை எத்தனை பிரதிகள் வாங்கப்பட்டன என்பதைச் சொல்லும். எதை ஒருவர் காப்பாற்றி வைக்க விரும்பினார் என்பதை வெட்டிக் கட்டிய பக்கங்களே சொல்கின்றன.

பாதுகாத்தல்

வார இதழ்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சிடப்பட்டவை. மரக்கூழிலுள்ள பொருள்கள் ஒளியாலும் காற்றாலும் மாறுவதால் காகிதம் பழுத்து நொறுங்கும். கம்பிப் பின்கள் துருவேறித் தாளைத் துளைக்கும். ஈரமும் கரையானும் இராமபாணப் பூச்சியும் பிற பகைகள். நேரடி வெயிலும் ஈரச் சுவரும் படாத இடத்தில் நூலைப் படுக்கவைத்து வைப்பது நல்லது. கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டக் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் அழிக்கும். பழைய தையலைப் பிரித்து மீண்டும் பைண்டு செய்தால் ஓரம் மேலும் வெட்டுப்படும்.

தனியாரின் சேகரம் பொதுச் சொத்தாக மாறியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும் 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டன. 1994 முதல் அவை சென்னையில் ஆய்வு நூலகமாக உள்ளன. வீட்டுத் தொகுப்புகளைக் கொடுக்க விரும்புவோர் இத்தகைய நூலகங்களை முதலில் அணுகிக் கேட்பது ஏற்றது. ஏற்கெனவே முழு இதழ்கள் உள்ள நூலகம் வெட்டிய பக்கங்களை ஏற்காமலும் போகலாம்.

மின்வடிவாக்கம் மற்றொரு வழி. வீட்டுப் பயன்பாட்டுக்குப் பக்கங்களைப் படமெடுத்து வைப்பதற்கும் இணையத்தில் வெளியிடுவதற்கும் வேறுபாடு உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். கல்கியின் எழுத்துகள் தமிழ்நாடு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. பிற ஆசிரியர்களின் நிலையைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஓவியங்களுக்கும் தனி உரிமை உண்டு.

தொகுப்பைக் காப்பதைப் போலவே அதைப் பற்றிய செய்தியைக் காப்பதும் தேவை. யார் சேர்த்தார், எந்த ஊரில், எந்த ஆண்டுகளில், எந்த இதழிலிருந்து, எந்த வாரங்கள் விடுபட்டன என்பவற்றை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தால் போதும். சேகரித்தவர் உயிருடன் இருக்கும்போது ஒரு மாலை நேரத்தில் கேட்டு எழுதக்கூடிய செய்தி இது. அவருக்குப் பின் பக்கங்களிலிருந்து இதன் ஒரு பகுதியை மட்டுமே மீட்க முடியும்.